வரைந்தவளுக்குக் கடைசியில்தான் காசு

"உன் கைக்கு நீயெல்லாம் ஒரு கடை போட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பாய்" என்று சொல்ல எல்லார் வீட்டிலும் ஓர் அத்தை இருப்பார். எங்கள் வீட்டில் இரண்டு பேர். அழகர்கோவிலில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து. என் மகளுக்கு, புள்ளி புள்ளியாகச் சாயம் ஏற்றிய பருத்தியான மதுரைச் சுங்குடித் துணியில் நானே வெட்டித் தைத்த ஃபிராக்கைப் போட்டுக் கூட்டிப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தி, எங்கே வாங்கினது, என்ன விலை என்று கேட்டார்கள். குழந்தைகளுக்கு உடுப்பு டிசைன் போட்டு விற்கிற என் தொழில் அன்றைக்கு ஆரம்பித்தது. எல்லாம் ஓய்ந்தபோது வட்டியையும் சேர்த்துச் சுமார் 85,000 ரூபாயும் இரண்டு வருஷமும் போயிருந்தன. இப்போது யாராவது, "எனக்கும் சின்ன வயசிலேயிருந்து டிசைன் போடப் பிடிக்கும், நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டால் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். யாரையும் பயமுறுத்த அல்ல. எனக்கு முன்னால் இதில் இறங்கியவர்கள் யாராவது ஒரு சாயங்காலம் என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், அப்போதும் இறங்கியிருப்பேன். நகையை வைத்து இறங்கியிருக்க மாட்டேன்.

நான் வளர்ந்தது மதுரையில், முனிச்சாலைப் பக்கம். அம்மாவுக்கு ஜாக்கெட் தைப்பதென்றால் புது மண்டபம்தான். மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். அந்தக் காலத்தில் அதன் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் இருக்கும். தலைக்கு மேலே கல் யாளி, கீழே மிஷினை மிதிக்கிற கால். (அந்தக் கடைகளைச் சில வருஷங்களுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்வது கதையாகத்தான் தெரியும்.) சித்திரைத் திருவிழா நெருங்கினால் அங்கே சாதாரணத் துணி கண்ணில் படாது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கட்டுகிற சல்லடமும் (குட்டைக் கால்சட்டை) உருமாலும் (தலைத்துணி), கருப்பசாமி வேஷச் சட்டையுமாகத்தான் தைத்துக்கொண்டிருப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் வெல்வெட்டு, ஓரத்தில் ஜரிகை. வெட்டி விழுகிற துண்டுகள் மிஷினுக்கடியில் குவிந்து கிடக்கும். அங்கே எங்களுக்குத் தைக்கிற டெய்லர் தாத்தா, "பாப்பா, பையை விரி" என்று சொல்லி இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார். வருஷம் பூராவும் என் பொம்மைகளுக்கு அந்தத் துண்டுகள்தான்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு. உடையின் நிறத்தை வைத்து ஒரு வருஷத்துக்கே பலன் சொல்கிற ஊரில் பிறந்துவிட்டு, எனக்குத் துணிப் பைத்தியம் எப்படி வந்தது என்று அம்மா கேட்பது நியாயமில்லை. ரஃப் நோட்டின் பின் பக்கமெல்லாம் பாவாடை, தாவணி, பஃப் கை. கணக்கு டீச்சரின் சேலைக் கரையைக்கூடப் பார்த்து வரைந்திருக்கிறேன். பொம்மைக்கு முதலில் தைத்த சட்டை தலைக்குள் நுழையவில்லை. முதுகுப் பக்கம் கத்தரியால் ஒரு கீறல் போட்டு, ஊக்கு குத்திவிட்டேன். அது ஒரு பெரிய பாடம் என்பது அப்போது தெரியவில்லை. அந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் உண்மையானதுதான்: எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நிற்கும், எந்தத் துணி சுருக்கு வைத்தால் விழும், எது விறைத்துக்கொண்டு நிற்கும் என்கிற கண். ஆனால் துணி இலவசம், தையல் என் கை, வாடிக்கையாளர் பொம்மை. பொம்மை பாக்கி வைக்காது. அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பாது.

கல்யாணம் ஆகி வில்லாபுரம் வந்தேன். ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். கையில் சேமிப்பு 30,000 இருந்தது. காதுகுத்து முடிந்து வந்த வாரத்திலேயே வளையலையும் ஆரத்தையும் வங்கியில் வைத்து 1,20,000 வாங்கினேன். வீட்டுக்காரரிடம் வளையலை மட்டும் சொன்னேன். குழந்தைகளுக்குச் சுங்குடியில் ஃபிராக், பாவாடை சட்டை. இதுதான் யோசனை. யோசனையில் இன்றைக்கும் எனக்குக் குறை தெரியவில்லை. பருத்தி, நம்ம வெயிலுக்கு ஏற்றது, பார்த்தவுடன் மதுரை என்று தெரிகிற துணி. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி. கடையில் குழந்தைகளுக்கு அதில் நல்ல வெட்டு கிடைப்பதில்லை.

ஆனால் காசு என் கைக்கு வருவதற்கு முன் மூன்று கைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதல் கை, துணிக்கடை. விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடைகளில் புதிதாக வருகிறவளுக்குக் கடன் கிடையாது. காசை வைத்தால் துணி. அது சரிதான், அவர்கள் பிழைப்பு. சுங்குடியில் இரண்டு ரகம் இருப்பது எனக்குத் தெரியும். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது ஒன்று. மெழுகு அச்சிலோ ஸ்கிரீனிலோ புள்ளி வைப்பது இன்னொன்று. விற்பனைக்குப் பெரும்பாலும் அச்சுச் சேலை எடுத்தேன், கொஞ்சம் முடிச்சுச் சேலையும் எடுத்தேன். முடிச்சுத் துணி என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. கட்டிய இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். நூலை அவிழ்த்த பிறகும் அந்தச் சுருக்கம் போகாது. கையால் கட்டியது என்பதற்கு அதுதான் சாட்சி, அழகும் அதுதான். ஆனால் அந்தச் சுருக்கத்தோடு மேசையில் விரித்து 24 அங்குலம் அளந்து வெட்டினால், தைத்து முடித்து இஸ்திரி போடும்போது துணி படிந்து, உடம்புப் பாகம் ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் பெருத்துவிடுகிறது. தோள் தொளதொளவென்று இறங்கி நிற்கிறது. முதல் தவணையில் முடிச்சுத் துணியில் வெட்டியதெல்லாம் அப்படியே போயிற்று. அதில் மட்டும் 6,000 ரூபாய்க்கு மேல். சேலையாகக் கட்டும்போது இரண்டு அங்குலம் யாருக்கும் தெரியாது. சட்டையாக வெட்டும்போதுதான் தெரியும். ஆகவே துணியை அவிழ்த்து, தண்ணீரில் ஒரு முறை நனைத்துக் காயவைத்து, மிதமாக இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகு அளவு டேப்பை எடுங்கள். அச்சுச் சேலைக்கும் இதுவேதான். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கியே தீரும். அந்தச் சுருக்கம் உங்கள் வீட்டு வாளியில் நடக்க வேண்டும், வாங்கியவர் வீட்டில் அல்ல.

சாயத்துக்கு வருகிறேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஒருவர் வாங்கிப் போய் ஒரு துவைப்பில் எனக்குப் போட்டோ அனுப்பினார். வெள்ளைப் புள்ளி எல்லாம் ரோஸ், கூடத் துவைத்த பிள்ளையின் வெள்ளைப் பெட்டிக்கோட்டும் ரோஸ். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பெட்டிக்கோட்டுக்கும் சேர்த்து. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாயப் பட்டறையில் உப்புப் போடுவது சாயம் நூலில் ஏறுவதற்காக. ஏறி முடிந்த துணியை உப்பில் ஊற வைத்துப் பெரிய பிரயோஜனம் இல்லை. நூலில் பிடிக்காமல் மேலாக ஒட்டியிருக்கிற சாயத்தைப் பட்டறையிலேயே சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசி எடுத்திருக்க வேண்டும். அந்த வேலையில் நேரத்தை மிச்சம் பிடித்தால் சாயம் நம் வீட்டில் வந்து இறங்கும். கடையிலேயே சோதிக்க ஒரு வழி: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் மூலையில் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள். கடைக்காரர் முகம் கோணும், பரவாயில்லை. கைக்குட்டையில் ஏறினால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். அடர்ந்த சிவப்பு, கருநீலம், கரும்பச்சை மூன்றையும் எப்போதும் தேய்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கை, டெய்லர். எனக்குத் தைக்கத் தெரியும், ஆனால் விற்பனைக்கு நாள் முழுக்கத் தைக்க முடியாது, குழந்தை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் பீஸ் ரேட்டுக்கு ஒத்துக்கொண்டார். 5,000 அட்வான்ஸ். நான் வரைந்த படத்தை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "தங்கச்சி, படம் நல்லாத்தான் இருக்கு. இது முன்னாடி. பின்னாடி எங்கே? தலை எது வழியா போகும்?" என்று கேட்டார். பதில் இல்லை. நான் பத்து வயசிலிருந்து வரைந்த உடுப்பு எதற்கும் முதுகு கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. கோபம் வந்தது, அவர் மேலே இல்லை. இத்தனை பேர் பாராட்டினார்களே, ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே என்று.

குழந்தைத் துணியில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு வயசுப் பிள்ளைக்குத் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் 18 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். பெரியவர்களுக்குப் போலக் கழுத்தை அழகாகச் சின்னதாக வைத்தால் சட்டை நெற்றியிலேயே நின்றுவிடும், பிள்ளை வீறிட்டுக் கத்தும். ஒன்று கழுத்து வட்டம் தலைச் சுற்றளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லை பின்னால் திறப்பு விட்டுப் பட்டன் வைக்க வேண்டும். அப்புறம் ஒரு அளவிலிருந்து அடுத்த அளவுக்குப் போகும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு உயரம் ஓடும், மார்பு மெதுவாகத்தான் கூடும். எல்லாவற்றையும் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினால் பெரிய அளவுகளில் பிள்ளை மூட்டைக்குள் இருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் பழுப்புத் தாளில் தனித்தனியாக வெட்டி வைத்துக்கொண்டு, முதல் சட்டையைக் காடாத் துணியில் தைத்து, அந்த வயசுப் பிள்ளை ஒன்றுக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும். காடாத் துணிக்கு நூறு, நூற்றைம்பது ஆகும். அதற்கு யோசித்தால் பத்து மடங்கு போகும்.

டெய்லர்களைப் பற்றி ஊரில் எல்லாரும் ஒரே புலம்பல்தான்: "இந்தா முடிஞ்சிருச்சு" என்பார்கள், முடியாது. நானும் புலம்பினேன், அழுதுகூட இருக்கிறேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் வருஷம் வேறு மாதிரி ஓடுகிறது. சித்திரையில் திருவிழாத் துணி, ஜூனில் பள்ளிக்கூட யூனிஃபார்ம், பிறகு தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம், அது முடிந்தால் பொங்கல், நடுவில் முகூர்த்த ஜாக்கெட்டுகள். புதிதாக வந்த உங்கள் வேலை எப்போதும் வரிசையில் கடைசிதான். தை முடிந்த பிறகு பிப்ரவரி, மார்ச். அதை விட்டால் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட். இந்த இடைவெளிகளில் மொத்தமாகக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு விற்க வேண்டியதைப் புரட்டாசியில் தைக்கக் கொடுத்தால் கார்த்திகையில்தான் கைக்கு வரும். எனக்கு வந்தது.

மூன்றாவது கை, நம் துணியை வாங்கி வைத்து விற்றுக் கொடுக்கிற பொட்டிக், அதாவது டிசைன் உடுப்புக் கடை. அதற்குப் போவதற்கு முன் ஒரு ஃபிராக்கின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் கடைசியாகக் கேட்கிறார்கள். 840 ரூபாய் அச்சுச் சேலையில் மூன்று ஃபிராக் வரும், ஒன்றுக்குத் துணி 280. லைனிங் 60. தையல் 150. காஜா, பட்டன், ஓவர்லாக் 25. இஸ்திரி, கவர் 15. ஆக 530. இதில் என் ஆட்டோ இல்லை, கரண்ட் இல்லை, வரைந்ததற்கும் வெட்டியதற்கும் கூலி இல்லை, கெட்டுப்போன பீஸ் இல்லை. போனில் கேட்பவர்களுக்கு 650-க்கு விற்றேன். கூரியர் 70-ஐ நாமே போட்டுக்கொண்டால் 50 ரூபாய் மிஞ்சும். ஒரு பார்சல் திரும்பி வந்தால் மூன்று ஃபிராக்கின் லாபம் போய்விடும். கோவிலைச் சுற்றிய நாலு வீதிக்குள் ஒரு பொட்டிக்கில் 750 விலை போட்டுத் தொங்கவிடுகிறோம், விற்றதில் 20 சதவீதம் எங்களுக்கு என்றார்கள். எனக்கு 600, மிச்சம் 70. சரி என்று கொண்டுபோய் அடுக்கினேன். இரண்டாவது மாதம் வாடகை, ஏசி என்று சொல்லி அதை 30 சதவீதம் ஆக்கினார்கள். அப்படியென்றால் என் கைக்கு வருவது 525. ஒவ்வொரு ஃபிராக் விற்கும்போதும் எனக்கு ஐந்து ரூபாய் நஷ்டம். விற்காமல் தொங்கினால் 530 முடக்கம். துணி அங்கே மாட்டியிருக்கிறது, எடுத்து வந்தால் வீட்டில் வைக்க இடமில்லை. ஒத்துக்கொண்டேன்.

பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. துணிக்கடைக்கு முதலில் காசு, டெய்லருக்கு வேலை முடிந்தவுடன் காசு, பொட்டிக்காரர்கள் தங்கள் பங்கைக் கல்லாவிலேயே எடுத்துக்கொள்வார்கள். டிசைன் போட்டவளுக்கு மட்டும் "அடுத்த வாரம் வாங்க சிஸ்டர்". குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கடைச் சோபாவில் காத்திருந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வருகிற வாடிக்கையாளர் என் ஃபிராக்கை எடுத்துப் பார்ப்பார், விலை கேட்பார், காசு கொடுத்து வாங்கிப் போவார். என் கண் முன்னால் என் சட்டை விற்கும், என்னிடம் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்காது. 38,000 வரை நின்றது. கையில் இருந்ததோ ஒரு நோட்டில் எழுதிய எண்ணிக்கையும் வாட்ஸ்அப் செய்திகளும்தான்.

இந்த நேரத்தில்தான் என் டிசைன் ஒன்று வேறு துணியில், வேறு பெயர் அட்டையோடு அதே கடையில் தொங்கியது. சுங்குடிக் கரையை மடித்து இரண்டு பக்கமும் பை வைத்து, பையின் வாய் தாவணி முந்தி மாதிரி விழும்படி செய்திருந்தேன். அந்தப் பை அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "டிசைன் எல்லாருக்கும் பொதுதானே சிஸ்டர்" என்றார்கள். அந்த ராத்திரி தூங்கவில்லை. பிறகு ஒரு வக்கீலம்மா விளக்கினார். நோட்டில் வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அந்த டிசைனைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் 50 சட்டைக்கு மேல் நாமே தைத்து வெளியே விட்டுவிட்டால் அந்த உரிமை முடிந்துபோகும். உடுப்பின் வடிவத்தையும் அலங்காரத்தையும் காக்க வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பதிவானால் பத்து வருஷம், மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். முக்கியமான நிபந்தனை ஒன்று: விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அந்த டிசைன் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கடையில் தொங்கவிட்டு, ஆறு மாதம் கழித்து நான் போய் நின்றால் அது புதிது ஆகாது. எல்லா ஃபிராக்குக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, கட்டுப்படியாகாது. உங்கள் பெயர் சொல்லப்போகிற ஒன்றோ இரண்டோ இருந்தால், போட்டோ போடுவதற்கு முன் செய்யுங்கள்.

பாக்கியைப் பற்றியும் அவரிடமே கேட்டேன். சிறு தொழில் செய்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சரக்கை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி மேல் வட்டி. வசூலித்துத் தர ஒரு மன்றமும் உண்டு. ஆனால் அதற்கு உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கு மத்திய அரசிடம் செய்கிற பதிவு) இருக்க வேண்டும், அதுவும் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே. எனக்குப் பின்னால்தான் பதிவானது, அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது. அந்தப் பதிவை ஆதாரையும் பான் கார்டையும் வைத்துக்கொண்டு போனிலேயே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் 2,000 கொடுங்கள் என்று ஆள் வரும், அனுப்பிவிடுங்கள். துணி வாங்குவதற்கு முன் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். "விற்றால் காசு" என்று கொடுக்கிற சரக்குக்கு எத்தனை பீஸ், என்ன விலை, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் கணக்கு முடிப்பது, விற்காததை எப்போது திருப்புவது, அழுக்கானால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துப் போடக் கூச்சப்படுகிற கடை காசு கொடுக்கவும் கூச்சப்படும்.

எனக்குக் கடைசியில் உதவியது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. மனு எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப் செய்திகளைப் பிரின்ட் எடுத்து வைத்தேன். (எரிச்சலில் எந்தச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.) கடைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். 12,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள், விற்காத துணிகளைத் திருப்பினார்கள், சிலதில் டிரையல் ரூம் பவுடர்க் கறையோடு. மீதியை விட்டுவிட்டேன். நியாயம் கிடைத்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு மேல் அலைய உடம்பில் தெம்பில்லை.

இத்தனையையும் வீட்டில் சொல்லாமல் சுமந்தது பணத்தைவிடப் பெரிய கஷ்டம். ஆரம் எங்கே என்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்டுத்தான் வெளியே வந்தது. அவர் சத்தம் போடவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா அந்தக் கடையில நானும் வந்து உக்காந்திருப்பேன்ல" என்றார். அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம். அந்த இரண்டு வருஷத்தில் நான் எனக்காக ஒரு படமும் வரையவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். பென்சிலை எடுத்தாலே லைனிங் எவ்வளவு ஆகும், இந்தச் சுருக்குக்கு டெய்லர் கூடக் கேட்பாரா என்றுதான் ஓடியது. சின்ன வயசில் எனக்கிருந்த ஒரே ஓய்வு அதுதான், அதுவும் வேலையாகிவிட்டால் ஓய்வுக்கு எங்கே போவது? இதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். விற்கிற டிசைனுக்கு ஒரு நோட்டு, சும்மா வரைகிறதற்கு ஒரு நோட்டு. இரண்டாவது நோட்டிலிருந்து எதையும் தைப்பதில்லை. அதில் இன்னமும் யாருக்கும் முதுகு கிடையாது.

இப்போது ஆர்டருக்கு மட்டும்தான் செய்கிறேன். பாதிப் பணம் வந்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பேன், மீதி வந்த பிறகுதான் பார்சல். என் வெட்டுக் கூலியையும் விலையில் போடுகிறேன், அதனால் ஃபிராக் 950 ஆகிவிட்டது. கேட்பவர்கள் குறைந்தார்கள், பாக்கி வைக்கிறவர்கள் இல்லவே இல்லை. ஆரத்தை மீட்டாயிற்று, வளையல் இன்னும் வங்கியில்தான். பெண் பிள்ளை எப்போதும் உடுப்பு வரைந்துகொண்டே இருக்கிறாள், என்ன செய்ய என்று கேட்கிற அம்மாக்களுக்கு ஒன்று: ரொம்பப் பாராட்டாதீர்கள், முதுகுப் பக்கம் எப்படி என்று கேளுங்கள். பழைய சட்டை ஒன்றைத் தையல் பிரித்துக் கொடுங்கள். கை எப்படி வெட்டியிருக்கிறது, தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளும். படிப்பாகவே எடுப்பதென்றால் சென்னையில் 1995-லிருந்து மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் இருக்கிறது, நுழைவுத் தேர்வில் வரைவதோடு யோசிப்பதையும் சோதிப்பார்கள். வீட்டோடு இருந்து கற்றுக்கொள்ள நினைக்கிற பெண்களுக்கு ஐடிஐ-யில் தையல் படிப்பு உண்டு. வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இலவசமாகவே கற்றுத் தருகிறார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிற இடத்துக்குப் போவதற்கு முன் அங்கே எட்டிப் பாருங்கள்.

பொட்டிக்கிலிருந்து திரும்பி வந்ததில் ஒரு வயசு அளவு ஃபிராக்குகள் கொஞ்சம் இன்னும் இருக்கின்றன. பின்னால் திறப்பு விட்டுப் பட்டன் வைத்துவிட்டேன், தலை நன்றாக நுழையும். துவைத்துச் சாயம் பார்த்தாயிற்று, கறையும் போய்விட்டது. வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம் கைக்குழந்தை இருக்கிற வீடு தெரிந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். கடன் மட்டும் சொல்லக் கூடாது.